ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளின்வழித் தமிழ்க் குறுஞ்செய்தி: குறியேற்றமும் கணக்கீடும் வார்ப்புரு அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கல்வி நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வங்கிகளும் இன்று குறுஞ்செய்திகளைக் கணினி நிரல்களின் வழியாகவே அனுப்புகின்றன. இந்நிரல்கள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுவது பரவலாகியுள்ளது. ஆங்கிலச் செய்திக்கென வகுக்கப்பட்ட வழிமுறைகளை மாற்றமின்றித் தமிழுக்குப் பயன்படுத்தும்போது செலவு மிகுதல், எழுத்துச் சிதைதல், வேற்றுமை உருபு பிழைபடுதல் ஆகிய சிக்கல்கள் எழுகின்றன. குறுஞ்செய்தியின் கொள்ளளவு, தமிழ் எழுத்தின் ஒருங்குறி அமைப்பு, நிரலாக்க இடைமுகம் இயங்கும் முறை, இந்திய ஒழுங்குமுறை விதிகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது. தமிழ்ச் செய்தியைச் சிதைவின்றியும் சிக்கனமாகவும் அனுப்புதற்குரிய நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: குறுஞ்செய்தி, ஜாவாஸ்கிரிப்ட், நிரலாக்க இடைமுகம், ஒருங்குறி, குறியேற்றம், உயிர்மெய், வார்ப்புரு, வேற்றுமை உருபு.

முன்னுரை

1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர் இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி எனக் கொள்ளப்படுவது இதுவே. அச்செய்தி கைப்பேசியிலிருந்து புறப்படவில்லை, கணினியிலிருந்து புறப்பட்டது. ஆகவே, நிரலின்வழிச் செய்தி அனுப்புதல் என்பது குறுஞ்செய்தியின் தொடக்கத்திலேயே அமைந்த இயல்பாகும்.

இன்று தேர்வு முடிவு, மருத்துவமனை முன்பதிவு, குடிமைப்பொருள் வழங்கல், ஒருமுறைக் கடவுச்சொல் என மக்கள் பெறும் அறிவிப்புகளில் பெரும்பகுதி இவ்வாறே வந்துசேர்கிறது. இணைய இணைப்போ திறன்பேசியோ இல்லாதவருக்கும் சென்றடைவது குறுஞ்செய்தியின் தனிச்சிறப்பு. ஆனால், எளிய கைப்பேசியை மட்டுமே வைத்திருக்கும் அம்மக்களுக்கே தாய்மொழிச் செய்தி மிகுதியும் தேவைப்படுகிறது. அவர்களுக்குத் தமிழில் செய்தி அனுப்புவது ஆங்கிலத்தில் அனுப்புவதைவிட ஏன் செலவு மிக்கதாகிறது, அச்செலவு எந்த அளவுக்குத் தவிர்க்கத்தக்கது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை. இவ்வினாக்கள் நிரலாளர்க்கு மட்டும் உரியன அல்ல. தமிழ் எழுத்தியலையும் சொல்லியலையும் கற்றவர்கள் பங்களிக்க வேண்டிய களமும் இதுவே.

குறுஞ்செய்தியின் கொள்ளளவு

ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடிய உள்ளடக்கம் 140 பைட்டுகள், அதாவது 1120 பிட்டுகள். ஜிஎஸ்எம் தரத்தின் அடிப்படைக் குறியேற்றம் ஓர் எழுத்துக்கு 7 பிட்டுகளை ஒதுக்குகிறது. 1120ஐ 7ஆல் வகுத்தால் கிடைப்பது 160. குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று பரவலாக வழங்கும் வரையறையின் பிறப்பிடம் இதுவே. ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1980களின் நடுப்பகுதியில் இவ்வளவை வகுப்பதில் முதன்மைப் பங்காற்றினார்.

ஏழு பிட்டுகளால் 128 குறிகளை மட்டுமே சுட்ட முடியும். அவ்வட்டவணையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் ஐரோப்பிய மொழிகளுக்குரிய சில எழுத்துகளும் கிரேக்கப் பேரெழுத்துகள் சிலவும் இடம்பெற்றன. இந்திய எழுத்து ஒன்றுகூட இடம்பெறவில்லை. அட்டவணையில் இல்லாத ஓர் எழுத்து வந்தால் செய்தி முழுவதும் யூசிஎஸ்-2 என்னும் 16 பிட்டுக் குறியேற்றத்துக்கு மாறுகிறது. அப்போது 1120ஐ 16ஆல் வகுக்க, கொள்ளளவு 70 ஆகக் குறைகிறது. நூற்றைம்பது ஆங்கில எழுத்துகளின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் இம்மாற்றம் முழுச் செய்திக்கும் நிகழும். சொல்செயலியிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிவரும் வளைந்த மேற்கோள் குறிகூட ஆங்கிலச் செய்தியை 70 என்னும் எல்லைக்குள் தள்ளிவிடும்.

செய்தி இவ்வெல்லையைக் கடக்கும்போது அது பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டுகளை வரிசைப்படி இணைப்பதற்கான குறிப்பு ஒவ்வொரு துண்டிலும் 6 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. எஞ்சும் 134 பைட்டுகளில் அடிப்படைக் குறியேற்றத்தில் 153 எழுத்துகளும், யூசிஎஸ்-2இல் 67 குறிகளும் அடங்கும். கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்றே விதிக்கப்படுகிறது. எனவே கொள்ளளவு பின்வருமாறு அமையும்:

ஒரு துண்டு: ஆங்கிலம் 160, தமிழ் 70.
இரு துண்டுகள்: ஆங்கிலம் 306, தமிழ் 134.
மூன்று துண்டுகள்: ஆங்கிலம் 459, தமிழ் 201.
நான்கு துண்டுகள்: ஆங்கிலம் 612, தமிழ் 268.

எழுத்தும் குறியீட்டுப் புள்ளியும்

மேற்கண்ட 70 என்பது 70 தமிழ் எழுத்துகளைக் குறிப்பதில்லை. 70 குறியீட்டுப் புள்ளிகளைக் குறிக்கிறது. இவ்வேறுபாடே தமிழுக்கு இரண்டாவது சுமையாகிறது.

ஒருங்குறியில் தமிழுக்குரிய பகுதி பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்களாகும். இவ்வமைப்பு இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தை அடியொற்றியது. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கிறது என்பது தமிழ் இலக்கண மரபு. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொள்கிறது. அகரத்தை நீக்கப் புள்ளி ஒரு தனிக் குறியாகவும், வேறு உயிரை ஏற்ற உயிர்க்குறி ஒரு தனிக் குறியாகவும் சேர்க்கப்படுகின்றன. இதனால் இலக்கணத்தில் அடிப்படை எழுத்தாகிய மெய், கணினியில் இரு புள்ளிகளால் ஆன கூட்டெழுத்தாகிறது.

தமிழின் 247 எழுத்துகளை இவ்வடிப்படையில் பகுத்து நோக்கலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆகிய 31 எழுத்துகள் ஒரு புள்ளியால் அமைபவை. மெய் 18, ஏனைய உயிர்மெய் 198 ஆகிய 216 எழுத்துகள் இரு புள்ளிகளால் அமைபவை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. குறியீட்டுப் புள்ளி ஐந்து. கிரந்த வடிவங்களில் ‘க்ஷ’ மூன்று புள்ளிகளையும் ‘ஸ்ரீ’ நான்கு புள்ளிகளையும் கொள்கின்றன.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் மற்றொரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரம், ஒகரக் குறி என இரு புள்ளிகளாலும் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என மூன்று புள்ளிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணக்கில் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உள்ள நார்மலைஸ் என்னும் செயற்கூறு, என்எஃப்சி என்னும் வடிவைத் தேர்ந்தால் மூன்று புள்ளிகளை இரண்டாகச் சுருக்கித் தருகிறது. அனுப்புமுன் இதனை இயக்குவது பொருள் மாறாமல் இடத்தை மிச்சப்படுத்தும் முதல் நெறியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லூரி ஒன்று மாணவர்க்கு அனுப்பக்கூடிய பின்வரும் செய்தியை எடுத்துக்கொள்வோம்.

‘நாளை நடைபெறவிருந்த தேர்வு மழை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்.’

இதில் எழுத்துகள் 49, சொல் இடைவெளி 9, முற்றுப்புள்ளி 2. கண்ணால் எண்ணினால் மொத்தம் 60 என்பதால் 70க்குள் அடங்கும் என்றே தோன்றும். ஆனால், 49 எழுத்துகளில் 33 எழுத்துகள் இரு புள்ளிகளால் ஆனவை. ஆகவே குறியீட்டுப் புள்ளிகள் 93. யூசிஎஸ்-2இல் இது 186 பைட்டுகள். ஒரு துண்டின் 140 பைட்டுகளைக் கடந்து இரு துண்டுகளாகிறது. இதே பொருளை ஆங்கிலத்தில் கூற ஏறத்தாழ 100 எழுத்துகள் தேவைப்படினும் அது ஒரே துண்டில் அடங்கிவிடும். தமிழுக்கு இருமடங்குக் கட்டணம் நேர்வது இவ்வாறே.

துண்டு எங்கே பிரிகிறது என்பதும் கருதத்தக்கது. இச்செய்தியின் 67ஆம் புள்ளி ‘தேதி’ என்னும் சொல்லின் இரண்டாம் தகரம். 68ஆம் புள்ளி அதன்மேல் ஏற வேண்டிய இகரக் குறி. எனவே முதல் துண்டு ‘தேத’ என முடிகிறது. இரண்டாம் துண்டு இகரக் குறியோடு தொடங்குகிறது. கைப்பேசி இரண்டையும் இணைத்துக் காட்டினால் படிப்பவர் இதனை உணரார். ஒரு துண்டு தாமதமானாலோ கருவி இணைக்கத் தவறினாலோ சிதைந்த எழுத்தே கண்ணில் படும்.

இச்செய்தியைச் சுருக்கி எழுதலாம்: ‘மழையால் நாளைய தேர்வு ஒத்திவைப்பு. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்.’ இதன் குறியீட்டுப் புள்ளிகள் 69. பொருள் குறையாமல் ஒரே துண்டில் அடங்குகிறது. ‘காரணமாக’ என்னும் சொல்லுருபை மூன்றாம் வேற்றுமை உருபாகவும், ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினைமுற்றைத் தொழிற்பெயராகவும், ‘நடைபெறவிருந்த’ என்னும் பெயரெச்சத்தை ‘நாளைய’ என்னும் பெயரடையாகவும் மாற்றியதே இங்குச் செய்யப்பட்டது. செலவைப் பாதியாக்கியது தொழில்நுட்பம் அன்று, தமிழ் நடை.

தமிழுக்கான ஏழு பிட்டு அட்டவணை

யூசிஎஸ்-2 மட்டுமே வழி என்று கருதுவது பொருந்தாது. 3ஜிபிபி அமைப்பின் தரங்களில் ஒன்பதாம் வெளியீடு முதல் இந்திய மொழிகளுக்கென ஏழு பிட்டு மாற்று அட்டவணைகள் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றில் தமிழுக்குரிய அடையாள எண் 11. செய்தியின் தொடக்கத்தில் 4 பைட்டுக் குறிப்பு ஒன்றைச் சேர்த்து இவ்வட்டவணையைப் பூட்டிக்கொண்டால் ஒரே துண்டில் 155 குறிகள் வரை அடங்கும். மேற்கண்ட 93 புள்ளிச் செய்தி சுருக்காமலேயே ஒரு துண்டில் முடிந்துவிடும்.

எனினும், இது பயன்பட வேண்டுமானால் அனுப்பும் சேவை, இடைப்பட்ட வலையமைப்பு, பெறும் கைப்பேசி ஆகிய மூன்றும் அவ்வட்டவணையை அறிந்திருத்தல் வேண்டும். அறியாத கைப்பேசி வேறு எழுத்துகளையே காட்டும். இதனால் இணையவழிச் செய்திச் சேவைகள் பொதுவாகத் தமிழை யூசிஎஸ்-2இலேயே அனுப்புகின்றன.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்-16 குறியேற்றத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியீடு உண்டு. அதன்படி எண்ணினால் நம் எடுத்துக்காட்டு 60 குறிகளுள் அடங்கும். ஆயினும் அக்குறியீடுகள் ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்தவை. உரிய எழுத்துரு நிறுவப்படாத கைப்பேசியில் அவை கட்டங்களாகவே தோன்றும். ஆகவே அச்சுப் பணிக்கு ஏற்ற அம்முறை குறுஞ்செய்திக்கு ஏற்றதாகாது.

நிரலாக்க இடைமுகம் இயங்கும் முறை

1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் முதலில் பெரும்பாலும் உலாவிக்குள் இயங்கியது. 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ் அதனை வழங்கிக் கணினியில் பரவலாக்கியது. குறுஞ்செய்தி அனுப்பும் பணி வழங்கியிலேயே நிகழ்தல் வேண்டும். சேவை நிறுவனம் தரும் கணக்கு அடையாளமும் மறைச்சொல்லும் உலாவி நிரலில் இடம்பெற்றால் பக்கத்தைத் திறப்பவர் எவரும் அவற்றைப் படித்து, நம் கணக்கில் செய்தி அனுப்பிவிட முடியும். அவற்றை நிரலின் மூலவரிகளிலும் எழுதாமல் வழங்கியின் சூழல் மாறிகளில் வைப்பதே முறை.

2008இல் தொடங்கப்பட்ட டுவிலியோ, முன்னர் நெக்ஸ்மோ எனப்பட்ட வோனேஜ் முதலிய சேவைகளின் இடைமுகங்கள் பெயரளவில் வேறுபடினும் அடிப்படையில் ஒத்தவை. அனுப்புதலின் படிநிலைகள் வருமாறு:

1. பெறுநர் எண்ணை இ.164 என்னும் பன்னாட்டு வடிவுக்கு மாற்றுதல். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என அமையும் இவ்வடிவு 15 இலக்கங்களுக்கு மேற்படாது. இந்தியக் கைப்பேசிக்கு 91உடன் பத்து இலக்கங்கள்.

2. செய்தியை என்எஃப்சி வடிவுக்கு இயல்பாக்கி, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக் குறிகளையும் மிகை இடைவெளிகளையும் நீக்குதல்.

3. துண்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுதல்.

4. பெறுநர், அனுப்புநர், உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் எச்டிடிபி நெறிமுறையின் போஸ்ட் கோரிக்கையாகப் பாதுகாப்பான இணைப்பில் அனுப்புதல். நோட்.ஜேஎஸ் 18ஆம் பதிப்பு முதல் இதற்கான ஃபெட்ச் செயற்கூறு உள்ளமைந்தே வருகிறது.

5. சேவை தரும் மறுமொழியிலிருந்து செய்தி அடையாள எண்ணைப் பெற்றுச் சேமித்தல்.

6. பின்னர் வரும் சேர்ப்பு அறிக்கையை அவ்வெண்ணோடு பொருத்துதல்.

நான்காம் படியில் தமிழ் உரை யூடிஎஃப்-8 வடிவில் செல்கிறது. இதில் ஒரு தமிழ்ப் புள்ளிக்கு 3 பைட்டுகள். நம் எடுத்துக்காட்டு 257 பைட்டுகள் ஆகும். இவ்வளவு கட்டணத்தைப் பாதிப்பதில்லை. சேவை நிறுவனமே இதனை யூசிஎஸ்-2ஆக மாற்றித் தொலைபேசி வலையமைப்புக்குத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் பழைய எஸ்கேப் செயற்கூறு தமிழ்ப் புள்ளிகளைத் தரமற்ற வடிவில் மாற்றுவதால் அதனைத் தவிர்த்து, என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட் என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

குறியேற்ற மாற்றத்தைச் சில சேவைகள் தாமே உணர்கின்றன. சில நிரலாளர் அறிவிக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றன. டுவிலியோ உள்ளடக்கத்தை நோக்கித் தானே முடிவு செய்கிறது. வோனேஜின் குறுஞ்செய்தி இடைமுகத்திலோ செய்தியின் வகை யூனிகோட் எனக் குறித்தல் வேண்டும். குறிக்காவிடில் தமிழ் எழுத்துகளின் இடத்தில் வினாக்குறிகளே பெறுநரைச் சேரும்.

துண்டுக் கணக்கீடும் எழுத்துக் கணக்கீடும்

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு சரத்தை 16 பிட்டு அலகுகளின் வரிசையாகக் கொள்கிறது. அதன் லெங்த் என்னும் பண்பு அவ்வலகுகளையே எண்ணித் தருகிறது. தமிழின் முதன்மைப் பகுதி முழுவதும் ஓரலகில் அடங்குவதால், லெங்த் தரும் எண்ணும் குறுஞ்செய்திக் கணக்கும் ஒன்றாகவே அமைகின்றன. நம் எடுத்துக்காட்டுக்கு லெங்த் 93 என விடை தரும். அவ்வெண் 70க்கு மேற்படாவிடில் ஒரு துண்டு. மேற்படின் 67ஆல் வகுத்து மேல்முழுதாக்கக் கிடைப்பதே துண்டுகளின் எண்ணிக்கை. இரண்டு வரிகளில் எழுதத்தக்க இக்கணக்கு, ஆயிரக்கணக்கான பெறுநர்க்குச் செய்தி செல்லுமுன் செலவை முன்னறிவித்துவிடும்.

இதற்கு விலக்குகள் இரண்டு. முகக்குறிகள் பெரும்பாலும் ஈரலகு கொள்பவை. 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்ன எண் குறிகளும் முதன்மைப் பகுதிக்கு வெளியே அமைந்தவையாதலால் ஈரலகு கொள்கின்றன.

செலவுக்கு லெங்த் பொருந்தினாலும் எழுத்துக்கு அது பொருந்தாது. நீளும் செய்தியை 67ஆம் அலகில் வெட்டும் நிரல் ‘தேதி’யைத் ‘தேத’ ஆக்கியதைக் கண்டோம். புள்ளி வெட்டுப்பட்டால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிப் பொருளே மாறிவிடும். இங்குப் பயன்படுவது இன்டில் செக்மென்டர் என்னும் கருவி. அது சரத்தைப் படிப்பவர் உணரும் எழுத்துகளாகப் பகுக்கிறது. நம் எடுத்துக்காட்டுக்கு 60 என விடை தருகிறது. வெட்டும் இடத்தை இக்கருவியால் தேர்ந்து, செலவை லெங்த் பண்பால் அளப்பதே நெறி. ‘க்ஷ’ என்னும் வடிவை இக்கருவி ‘க்’, ‘ஷ’ என இரண்டாகவே கொள்ளும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பழைய எழுத்துருக்களால் எழும் இடரும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பெயர்ப்பட்டியலில், தமிழாகத் தோன்றுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் தொடரே. நிரல் அதனை ஆங்கிலமெனக் கொண்டு பிழையின்றி அனுப்பும். பெறுநர் பொருளற்ற ஆங்கிலத் தொடரையே காண்பார். தரவைச் செயலிக்குள் ஏற்கும் போதே ஒருங்குறிக்கு மாற்றுவது இன்றியமையாதது.

வார்ப்புருவும் வேற்றுமை உருபும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் வெளியிட்ட வணிகத் தகவல்தொடர்பு விதிகளின்படி, நிறுவனங்கள் பகிர்ந்த பேரேட்டுத் தளத்தில் பதிவுபெற வேண்டும். அனுப்புநர் பெயரையும் செய்தியின் வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிதல் வேண்டும். வார்ப்புருவில் மாறும் இடங்கள் மட்டும் மாறிகளாகக் குறிக்கப்படும். ஏனைய பகுதி ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் செய்தி வலையமைப்பிலேயே தடுக்கப்படும். இதனால் இயல்பாக்கம் தமிழுக்கு இரட்டிப்பு முதன்மை பெறுகிறது. பதிந்த வார்ப்புருவில் ‘கொ’ இரு புள்ளிகளாகவும், அனுப்பும் செய்தியில் மூன்று புள்ளிகளாகவும் இருப்பின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு தொடர்கள் கணினிக்கு வேறாகிவிடும்.

ஒரு மாறிக்குரிய இடத்துக்கு வரம்பு உண்டு என்பதும் கருதத்தக்கது. ‘தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்’ என்னும் பெயர் இடைவெளி உட்பட எழுத்துக் கணக்கில் 23. குறியீட்டுப் புள்ளிகளில் 36. இத்தகைய நெடும்பெயர்களை மாறியாக வைக்காமல் வார்ப்புருவின் நிலைத்த பகுதியாகப் பதிவதே தக்கது.

வார்ப்புரு எழுப்பும் மொழியியல் சிக்கல் இவற்றினும் ஆழமானது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் முன்னிடைச்சொல்லை வைத்தால் பெயர் மாறாது நிற்கும். தமிழிலோ உருபு பெயரோடு புணர்கிறது. கண்ணனுக்கு, கமலாவுக்கு, வள்ளிக்கு என நான்காம் வேற்றுமை உருபு பெயரின் ஈற்றுக்கேற்ப உகரச் சாரியையோ உடம்படுமெய்யோ பெற்றும் பெறாமலும் அமைகிறது. மாறியை அடுத்து ‘க்கு’ என எழுதிய வார்ப்புரு ‘வள்ளிக்கு’ எனச் சரியாகவும் ‘கண்ணன்க்கு’ எனப் பிழையாகவும் விடை தரும். புணர்ச்சி விதிகளை நிரலாக்கி மாறிக்குள்ளேயே உருபேற்ற வடிவை வைக்கலாம். ஆனால் ஆங்கில முன்னெழுத்து, பிறமொழிப் பெயர் ஆகியவை வரும்போது விதிகள் பெருகும்.

மரபில் இதற்கு எளிய தீர்வு உண்டு. ‘அவர்கள்’ என்னும் மதிப்புச் சொல்லை இடையில் வைத்து அதன்மேல் உருபை ஏற்றினால் பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கும். ‘கண்ணன் அவர்களுக்கு’, ‘கமலா அவர்களுக்கு’ என எப்பெயருக்கும் பொருந்தும். இதற்கு இடைவெளி உட்பட 12 புள்ளிகள் செலவாகும். இடம் போதாவிடில் ‘மாணவர்: கண்ணன்’ என விளிம்புக் குறிப்பாக எழுதலாம், இதற்குப் பெயர் நீங்கலாக 8 புள்ளிகளே தேவை. எண்ணுப்பெயர் அடையாக வரும் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி இன்றியமையாதது அன்று என்பதால் ‘3 நாள்’ என்று எழுதினால் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வார்ப்புரு போதும்.

சேர்ப்பும் பொறுப்பும்

கோரிக்கைக்குச் சேவை தரும் முதல் மறுமொழி, செய்தி வரிசையில் ஏற்கப்பட்டது என்பதை மட்டுமே உணர்த்தும். பெறுநரைச் சேர்ந்தது என்பதை உணர்த்தாது. அனுப்பப்பட்டது, சேர்ந்தது, சேரவில்லை, தோல்வியுற்றது ஆகிய பிந்தைய நிலைகளைச் சேவையே நம் வழங்கியின் முகவரிக்கு அறிவிக்கும். இவ்வறிவிப்பு உண்மையாகவே அச்சேவையிலிருந்து வந்ததா எனக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே பதிவேட்டைத் திருத்த வேண்டும்.

கோரிக்கைக்கு மறுமொழி வராதபோது நிரல் மீண்டும் அனுப்ப முயலும். ஆனால் முதல் கோரிக்கை சென்றடைந்து மறுமொழி மட்டும் வழியில் தவறியிருக்கலாம். அப்போது ஒரே செய்தி இருமுறை செல்லும். செய்திக்கு நம் பக்கத்தில் ஒரு தனி எண்ணை வழங்கி, அவ்வெண்ணின் நிலையை ஆராய்ந்த பின்னரே மறுமுயற்சி செய்வது நல்லது. விரைவு வரம்பு மீறப்பட்டது என்பதைக் குறிக்கும் 429 என்னும் மறுமொழி வந்தால், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்துக் காத்திருந்து அனுப்ப வேண்டும். கள ஆய்வின்பொருட்டுத் தகவலாளர்களின் எண்களைத் திரட்டும் ஆய்வாளர்கள், அவர்தம் இசைவைப் பெறுவதும் ஆய்வு முடிந்தபின் எண்களை அழிப்பதும் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் விளக்கியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தமிழ்க் குறுஞ்செய்தியின் மிகைச்செலவுக்குக் காரணங்கள் இரண்டு. ஏழு பிட்டு அட்டவணையில் இடமின்மையால் கொள்ளளவு 160இலிருந்து 70 ஆகிறது. 247 எழுத்துகளில் 216 எழுத்துகள் இரு புள்ளிகளால் அமைவதால் அந்த 70உம் மேலும் சுருங்குகிறது.

முதற்காரணத்துக்குத் தரநிலையில் தீர்வு வகுக்கப்பட்டுள்ளது. அதனை நடைமுறைக்குக் கொணர்வது வலையமைப்புகளின் கையில் உள்ளது. இரண்டாம் காரணத்தின் தாக்கத்தை அனுப்புவோரே குறைக்கலாம். என்எஃப்சி இயல்பாக்கம், முன்கணக்கீடு, எழுத்தெல்லை அறிந்து வெட்டுதல் ஆகியன நிரலாளர் பணி. சுருங்கச் சொல்லும் தொடரையும், எப்பெயருக்கும் பிழைபடாத வார்ப்புருவையும் அமைத்தல் தமிழறிந்தோர் பணி.

செலவைக் காரணமாகக் காட்டி ஆங்கிலத்துக்கோ ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழுக்கோ மாறும் நிறுவனத்திடம், 93 புள்ளிச் செய்தியை 69 புள்ளிகளில் எழுதிக் காட்டுவதே ஏற்ற விடையாகும். கணித்தமிழ்ப் பாடத்திட்டத்தில் வார்ப்புரு எழுதுதலைப் பயிற்சியாகச் சேர்த்தால், புணர்ச்சி இலக்கணம் கற்கும் மாணவர்க்கு அதன் பயன்களம் கண்முன் விளங்கும்.